தேதி போடாத ஃபார்ம்கள்

ஸ்டீபன்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் பேங்க் டீமுக்கு ஆள் எடுக்கப் போகிறீர்கள், விண்ணப்பங்களை நீதான் பிரிக்கிறாய், அதில் ஒரு கோல்கீப்பர் பையனின் அப்பா பெயர் தயாளன், விலாசம் மயிலாப்பூர் என்றாய். "அம்மா, அவனேதான். அவன் பையனேதான். ட்ரையல்ஸுக்குக்கூட கூப்பிட மாட்டேன். என் ஆட்டத்தை முடிச்சவன் அவன். இப்ப என் டர்ன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "நல்லா வேணும்" என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தேன், அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். உன் அப்பா ஆச்சரியப்பட்டுப் பார்த்தார். எட்டு வருஷம் காத்திருந்து ஒரு நல்ல செய்தி வந்தால் பசிக்காதா பின்னே?

ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் ஆட்டத்தை முடித்தது தயாளன் இல்லை. இதைப் போனில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு சொல்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ அந்த விண்ணப்பத்தைக் கிழிப்பதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். முழுசாகப் படி. நடுவில் கோபம் வந்து மடித்து வைத்துவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, அது என்னிடமிருந்து வந்ததுதான்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். உன் அப்பாவும் துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களும் சேர்ந்து கிளப் ஆரம்பித்தபோது நீ அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தாய். ஊரில் இருந்த டீமெல்லாம் ராயல்ஸ், ரோவர்ஸ், யங் ஸ்டார்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தன. நான் தமிழ் டீச்சர் இல்லையா, 'நெய்தல் கால்பந்துக் கழகம்' என்று வைத்தேன். லீக் ஆபீஸில் அதை இங்கிலீஷில் எழுதத் தெரியாமல் மூன்று வருஷம் மூன்று விதமாக எழுதினார்கள். அந்தக் காலத்து லீக் உனக்கும் தெரியும். மேலே முதல் டிவிஷனில் ரயில்வே, பேங்க், துறைமுகம், தபால் என்று ஆபீஸ் டீம்கள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு பஸ், பூட்ஸ், இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை எல்லாம் உண்டு. கீழே ஐந்தாவது டிவிஷனில் நம்மைப் போன்ற தெரு டீம்கள். மூன்று மணி வெயிலில், புல்லே இல்லாத மைதானத்தில், வேப்பமரத்துக்குப் பின்னால் துணி மாற்றிக்கொண்டு ஆடவேண்டும். கீழேயிருந்து ஒருவன் நன்றாக ஆடினால் மேலேயிருந்து ஒரு ஆபீஸ் டீம் கொத்திக்கொண்டு போகும். போனவனுக்கு வேலை கிடைக்கும். விட்டவனுக்கு வயிற்றெரிச்சல் கிடைக்கும். சென்னையில் கால்பந்து அப்படித்தான் நடந்தது.

நம் பையன்களில் பாதிப் பேர் பட்டினப்பாக்கம். விடிந்ததும் மணலில் ஓடிவிட்டு அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜெர்சி துவைத்தது நான். காலில் முள் எடுத்தது நான். லீக் ஆபீஸுக்கு எழுத வேண்டிய எல்லாவற்றையும் எழுதியது நான். பேருக்கு உன் அப்பா செக்ரட்டரி. அவர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். பிரசிடெண்ட் என்று ஒரு பெரிய மனிதர் வேண்டும், லெட்டர்ஹெட் வைத்திருப்பவர் வேண்டும் என்று எல்லாரும் சொன்னதால் தயாளனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாண்டி பஜார் பக்கம் பெரிய கம்பெனியில் பர்சனல் மேனேஜர். டை கட்டியிருப்பார். "டீச்சர், டீச்சர்" என்று மரியாதையாகப் பேசுவார். என் வஞ்சிர மீன் குழம்பைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்பார். இப்போது அதை நினைத்தால் அந்த மீனுக்காகக்கூட வருத்தப்படுகிறேன்.

ஃபார்ம் சமாசாரம் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் பிளேயர்கள் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். போட்டோ ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டு, கிளப் செக்ரட்டரியும் கையெழுத்துப் போட்டு, குறிப்பிட்ட வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். மற்ற கிளப்களில் அந்த வாரத்தில் பையன்களைப் பிடித்து உட்காரவைத்து வாங்குவார்கள். நம் பையன்கள் அந்த வாரம் கடலில் இருப்பார்கள், போட் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் ஒரு வழி பண்ணினேன். சீசன் முடிந்து நம் வீட்டில் விருந்து போடுவோமே, சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுத்த சீசன் ஃபார்மில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவேன். உன் அப்பாவும் அங்கேயே போட்டுவிடுவார். தேதி மட்டும் போடாமல் என் பீரோவில் வைத்துவிடுவேன். நான் செய்த ஏற்பாடு, நானே மெச்சிக்கொண்ட ஏற்பாடு. யாரும் படிக்க மாட்டார்கள். டீச்சர் நீட்டினால் கையெழுத்து. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று ஸ்கூலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

இரண்டாவது டிவிஷன் கடைசி மேட்ச் நினைவிருக்கிறதா? டிரா பண்ணினாலே முதல் டிவிஷன். நீ இடது பக்கத்திலிருந்து தூக்கிப் போட்டாய், பட்டினப்பாக்கத்துச் சூசை தலையால் முட்டினான், அந்த கோல்கீப்பர் விழுந்தான், பந்து உள்ளே போனது. நான் குடையை எறிந்துவிட்டுக் கத்தினேன். உன் அப்பா அழுதார். ஒரு தெரு டீம், ஐந்திலிருந்து ஒன்றுக்கு ஏறி வந்தது! அந்த வாரமே விருந்து. பதினான்கு ஃபார்மிலும் கையெழுத்து ஆனது. அன்று தயாளன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், பசங்க எல்லார் பேர், அப்பா பேர், பொறந்த தேதி, விலாசம் எல்லாம் ஒரு லிஸ்டா எழுதிக் கொடுங்களேன். இன்சூரன்ஸ் எடுத்துடலாம்" என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். அழகான கையெழுத்தில், கோடு போட்டு, எழுதிக் கொடுத்தேன்.

அந்த லிஸ்டை வைத்துத்தான் அவர் கம்பெனி டீமுக்கு ஃபார்ம் நிரப்பினார். கம்பெனிக்கும் முதல் டிவிஷனில் ஒரு டீம் இருந்தது, எல்லாம் தொப்பை போட்ட பழைய ஆட்கள். நம் பையன்களை ஒவ்வொருவராக ஆபீஸுக்குக் கூப்பிட்டு, டெம்பரரி வேலை, அப்புறம் பெர்மனென்ட் என்று சொல்லிப் பத்துப் பேரை எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரியவந்தபோது நேரே அவர் ஆபீஸுக்கே போனேன். ஏ.சி. ரூமில் உட்காரவைத்தார். "டீச்சர், பசங்களோட எதிர்காலத்தை நினைச்சுப் பாருங்க. உங்க டீம்ல ஆடினா கோப்பை கிடைக்கும், சோறு கிடைக்குமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்றுவரை எனக்கு எரிகிறது. நேரே வந்து, "டீச்சர், இவங்களுக்கு வேலை தரேன், அனுப்புங்க" என்று கேட்டிருந்தால் அழுதுகொண்டாவது அனுப்பியிருப்பேன். என் வீட்டில் தின்றுவிட்டு, என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால் எடுத்தான் பாவி! வெளியே வரும்போது பியூனிடம் என்னைக் காட்டி, "மேடத்துக்கு ஆட்டோ பிடிச்சுக் கொடு" என்றான். ஆட்டோவில் போக மாட்டேன் என்று பாண்டி பஜாரிலிருந்து சாந்தோம் வரைக்கும் நடந்தே வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இவனை என்ன செய்யலாம்?

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "விடும்மா. பசங்க பொழைச்சுக்கட்டும். நாம வேற பசங்களைச் சேர்த்துக்கலாம்" என்றார். அவருக்கு இப்போதும் தயாளனைப் பூங்கா பக்கம் பார்த்தால் தலையாட்டத் தோன்றும். எனக்குத் தோன்றாது. மனிதர்களில் இரண்டு ரகம், ஸ்டீபன். நீ எந்த ரகம் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

ஒரே சீசனில் ஒருவன் இரண்டு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டால், டபுள் சைன். ஒரு வருஷம் எங்கேயும் ஆட முடியாது. பையன்களுக்கு அது தெரியும், ஆனால் தேதி போடாத காகிதம் ஒரு காகிதமா என்று நினைத்துவிட்டார்கள். சூசைக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. ஒருநாள் வாசலில் வந்து நின்று, "டீச்சர், விருந்துல கையெய்த்து போட்டமே, அந்தப் பேப்பர் இன்னும் கீதா? கிய்ச்சுப் போட்டுட்டீங்கல்ல?" என்று கேட்டான். அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "அது பிரசிடெண்ட்கிட்ட கொடுத்துட்டேன்டா. அவர் பாத்துப்பார்." அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி டீச்சர்" என்று போய்விட்டான். கட்டு என் பீரோவில் இருந்தது. அன்றே நான் முடிவு செய்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஏதோ கோபத்தில் கை தவறிவிட்டது என்று பின்னால் நான் எங்கேயாவது சொன்னால் நம்பாதே.

பதிவின் கடைசி நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டேன். பதினான்கு ஃபார்மிலும் என் கையாலேயே தேதி போட்டேன். கம்பெனிக்குப் போகாமல் நம்மோடு நின்றவர்கள் நான்கு பேர் என்று நினைத்திருந்தேன், அந்த நான்கில் நீ ஒருவன். உங்கள் நான்கு ஃபார்மையும் சேர்த்துப் பதினான்காக எடுத்துக்கொண்டு போனேன். லீக் ஆபீஸில் அன்று சந்தைக் கூட்டம். ஒரு மேஜை மேல் தட்டு வைத்திருந்தார்கள், ஒவ்வொரு கிளப்பும் கட்டை அதில் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். யார் போட்டது என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் நோட்டீஸ் போர்டில் அதுவரை வந்த லிஸ்ட்களை ஒட்டியிருந்தார்கள். தயாளன் கம்பெனி லிஸ்ட் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளப் படித்தேன். ஏழாவது பெயர் உன்னுடையது.

முந்தின வாரம்தான் உன்னைக் கேட்டிருந்தேன். "நீயும் போட்டியாடா?" என்றேன். "சீ, நான் ஏன்மா போடுறேன்" என்று சொல்லிவிட்டுத் தோசைக்குச் சட்னி கேட்டாய். ஸ்டேட் கேம்ப்புக்கு சிபாரிசு பண்ணுகிறேன் என்று தயாளன் ஆசை காட்டியதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பத்தொன்பது வயசுப் பையன், ஆசை வராதா? இப்போது எனக்குப் புரிகிறது. அன்று புரியவில்லை. அந்த போர்டுக்கு முன்னால் நின்று கட்டைப் பிரித்து உன் ஃபார்மைத் தனியாக எடுத்தேன். கைப்பையில் வைத்தேன். வாசல் வரைக்கும் போனேன். மற்றதை மட்டும் தட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வாசலில் நின்றபோது இரண்டு விஷயம் தோன்றியது. எல்லார் பிள்ளையையும் மாட்டிவிட்டுத் தன் பிள்ளையை மட்டும் காப்பாற்றினாள் என்று நாளைக்குப் பட்டினப்பாக்கமே காறித் துப்பும், என் குட்டும் உடைந்துவிடும் என்பது ஒன்று. இன்னொன்றை இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட நான் சொன்னதில்லை. என் மீன் குழம்பைத் தின்றுவிட்டுத் துரோகம் பண்ணியவர்களில் நீயும் ஒருவன் என்று தோன்றியது. எரிச்சலில் உன் ஃபார்மையும் கட்டில் திரும்பச் சேர்த்தேன். திரும்பி உள்ளே வந்து எல்லாவற்றையும் தட்டில் போட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். பதினோரு பேருக்கும் ஒரு வருஷத் தடை. கம்பெனி டீமில் மறுபடி தொப்பைக்காரர்கள்தான் மிச்சம். வாரா வாரம் ஐந்தும் ஆறுமாக வாங்கிக்கொண்டு கடைசியில் கீழே விழுந்தார்கள். முதலாளி டீமையே கலைத்துவிட்டார். தயாளனை மாதவரத்தில் ஏதோ குடோன் பார்க்க அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று வஞ்சிரம் வாங்கி வறுத்தேன். நெய்தலில் மூன்றே பேர் மிச்சம், ஆடப்போகாமல் ஆடப்போகாமல் லீக்கிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். நான் பெயர் வைத்த கிளப், நானே முடித்துவைத்தேன். அதற்குக்கூட அன்று எனக்கு வருத்தம் வரவில்லை, ஸ்டீபன். அவன் விழுந்தானா, போதும் என்று இருந்தது.

தடை வந்த வாரம் தயாளன் நம் வீட்டு கேட்டுக்கு வந்தானே, நீங்களெல்லாம் நின்றீர்களே, நினைவிருக்கும். சட்டையெல்லாம் வேர்த்து, டை இல்லாமல் வந்தான். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. அந்த ஃபார்ம் கட்டு என்கிட்ட இருந்துச்சா? சத்தியமா சொல்லுங்க" என்றான். உங்கள் எல்லார் கண்ணும் என் மேல். "உங்ககிட்டதான் சார் கொடுத்தேன். ரெண்டு கட்டையும் உங்க பியூன் சேர்த்துப் போட்டிருப்பான்" என்றேன். சூசை பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "எங்க பொயப்புல மண்ணைப் போட்டியே நைனா!" என்று கத்தினான். நீ தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். அந்த வாரம்தான் ஸ்டேட் கேம்ப் லிஸ்ட் வந்திருந்தது, அதில் உன் பெயர் இருந்தது, அதை அடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் நீ பூட்ஸ் போடவேயில்லை. பேங்க் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாய். நல்ல வேலை, நல்ல சம்பளம், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவுக்குத் தெரியும். கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆனால் ரேஷன், கேஸ், பென்ஷன் என்று எந்த காகிதம் வந்தாலும் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்த மனிதர், அந்த வருஷத்திலிருந்து எல்லாவற்றையும் தானே கோணல்மாணலாக எழுதிக்கொள்கிறார். எனக்கு அது போதாதா?

சூசையை அந்தக் கம்பெனி மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டது. ஆடாதவனுக்கு அங்கே என்ன வேலை? அண்ணன்களோடு கடலுக்கே போய்விட்டான். இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு மீன் கொண்டுவருகிறான். போன செவ்வாய்க்கிழமையும் வந்தான். நீ சொன்ன செய்தியை, சந்தோஷமாக, அவனிடம் சொன்னேன். அவன் கூடையை இறக்கிவைத்தான். பிறகு, "அந்தப் புள்ள இன்னா டீச்சர் பண்ணுச்சு? அவங்கப்பன்தானே பண்ணான்? ஸ்டீபனாண்ட சொல்லுங்க, வோணாம்னு. நம்ம வயித்துல அடிச்சாங்களே, அதுமாதிரி இன்னொரு புள்ள வயித்துல அடிக்கச் சொல்லாதீங்க" என்றான். வேலையை இழந்தவன் சொல்கிறான். இழக்க வைத்தவளிடம் வந்து சொல்கிறான். அந்த மீனை நான் ஆயவே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தயாளனை நான் மன்னிக்கவில்லை. நாளைக்கு அவன் என் வாசலில் வந்து தண்ணீர் கேட்டால் குழாய் அங்கே இருக்கிறது என்று காட்டுவேன். அவனுக்கு நான் செய்ததை மறுபடி செய் என்றால் செய்வேன், அதில் சந்தேகமே வேண்டாம். உனக்கும் கோபம் இருக்கட்டும். கோபமே இல்லாத பிள்ளை எனக்கு எதற்கு? ஆனால் யார் மேல் என்று சரிபார்த்துக்கொள். அவன் செய்தது துரோகம், அதற்கு நான் தண்டனை கொடுத்தாகிவிட்டது. உன் காலை முடக்கியது அவன் இல்லை. அதற்கு நீ யாரையாவது அடிக்க வேண்டுமென்றால், அந்த ஆள் சாந்தோமில் இருக்கிறாள். எட்டு வருஷமாக உன்னோடு சேர்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பையனை ட்ரையல்ஸுக்குக் கூப்பிடு. நன்றாகப் பிடித்தால் எடு. பந்தை விட்டால் அனுப்பிவிடு, அப்போது நான் இங்கே மனம்விட்டுச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன், அதை யாரும் தடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பட்டினப்பாக்கம் போய் சூசையிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவன் அம்மாவும் அண்ணன்களும் இருப்பார்கள், எல்லாருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டும். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வேன். அதற்கு முன்னால் நீ திட்டுவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் போன் பண்ணு. முதல் அடி உன்னுடையதாக இருக்கட்டும், உனக்குத்தான் அந்த உரிமை. தயாளனிடமும் போய் மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அது நடக்காது. உன்னிடம் கேட்கிறேன்.

அம்மா